சின்னய்யாவுக்கு ஈரம் ஆகாது

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூக்குக்கண்ணாடியை அப்படிக் கைக்குட்டையால் துடைக்கக் கூடாது. மரக்காணத்துக் காற்றில் எந்நேரமும் உப்புத் தூள் இருக்கிறது. நமக்குத் தெரியாது, கண்ணாடிக்குத் தெரியும். அதன் மேல் துணியை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். முதலில் தூளை ஊதித் தள்ள வேண்டும். வாயால் இல்லை, வாயில் எச்சில் இருக்கிறது. கைக்குழந்தைக்கு மூக்குச் சளி எடுக்கிற ரப்பர் பந்து மெடிக்கல் கடையில் விற்கிறார்களே, அதை அழுத்தினால் சுத்தமான காற்று வரும். பிறகு மெதுவான பிரஷ். அதற்கும் பிறகுதான் துணி. நடுவில் தொடங்கி வட்டமாக ஓரத்துக்குப் போக வேண்டும். உங்களுக்குச் சின்ன வயசு. இன்னும் எவ்வளவோ பார்க்க வேண்டிய கண். அந்த அக்கறையில் சொல்கிறேன்.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது தேர்தலுக்காக ஒப்படைத்த என் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போக. தேர்தல் முடிந்து, ஜெயித்தவர்களுக்குப் போட்ட மாலைகூடக் காய்ந்துவிட்டது. எங்கே வைத்திருக்கிறீர்கள், அந்தப் பின்னறையிலா? கோணி சுற்றிச் சுவரில் சாய்த்தா? பரவாயில்லை. துப்பாக்கி வெறும் இரும்பு, துருவைத் துடைத்தால் போய்விடும். ஒப்படைக்கச் சொன்னபோதே எனக்கு உங்கள் பின்னறையின் ஞாபகம்தான் வந்தது. அதனால் மேலே மாட்டியிருந்த ஸ்கோப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு துப்பாக்கியை மட்டும் கொடுத்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற குழாய் அது. அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று உங்களுக்கு முன்பிருந்த ஐயாவிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். சட்டத்தை மீறி இந்தச் சூர்யகலா ஒரு துரும்பை அசைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்களோ எங்கள் உப்பளத்தில் வேலை செய்கிற ராசம்மாள் கொடுத்த புகாரைப் பற்றிக் கேட்கிறீர்கள். கேளுங்கள். கையெழுத்துப் போட வந்த இடத்தில் வாக்குமூலமும் ஆகட்டும். மறைக்கிற மாதிரி நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நடுவிலிருந்து சொன்னால் உங்களுக்குப் புரியாது ரேணுகா. பேரைச் சொல்லலாம் அல்லவா? நல்ல பேர்.

சின்னய்யாவிலிருந்து தொடங்க வேண்டும். சின்னய்யா என்றால் அந்த ஸ்கோப்தான். நான் வைத்த பெயர் இல்லை, எங்கள் உப்பளத்துப் பெண்கள் வைத்தது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளை கிடையாது. சடையப்பன் என்று உங்கள் பழைய லைசென்ஸில் இருக்கும், அவர்தான் என் வீட்டுக்காரர். தினமும் துடைத்து, உறை மாட்டி, வெதுவெதுப்பாகப் படுக்க வைக்கிறோமே, அதைப் பார்த்துவிட்டுக் கேலியாக, "சின்னய்யா எழுந்துட்டாராம்மா? குளிச்சிட்டாரா?" என்று கேட்பார்கள். கேலி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கக் கேட்க அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் துப்பாக்கி சுடுகிற கிளப்பில் சேர்ந்திருந்தார். ஒரே ஒரு போட்டிக்குப் போனார். கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவருக்கு அன்றைக்குக் கை சுளுக்கு. அதற்குப் பிறகு துப்பாக்கி உள்ளே போயிற்று, ஸ்கோப் வெளியே வந்தது. உப்பள ஓரத்தில் எங்களுக்கு ஒரு ஆபீஸ் இருக்கிறது. ஒரே அறை, கான்கிரீட் கூரை. அதன் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோப் வழியாகப் பார்த்தால் கடைசிப் பாத்திவரை தெரியும். யார் குனிந்து உப்பு வாருகிறார்கள், யார் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எல்லாம் தெரியும். "பாரு, மறுபடி தண்ணி குடிக்கப் போறா. அவ வயிறா ஏரியா?" என்பார். துப்பாக்கியில் மாட்டியே பார்க்கலாமே, கை நடுங்காதே என்று ஒருமுறை நான் சொன்னேன். "சேச்சே, ஆளுங்க மேல துப்பாக்கிய நீட்டறது பாவம்டி" என்றார். அவ்வளவு நியாயமான மனுஷர்.

நெஞ்சு வலி வந்து ஆட்டோவில் ஏற்றும்போதுகூட, "மூடி போட்டியா?" என்றுதான் கேட்டார். "போட்டுட்டேங்க" என்றேன். நிம்மதியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். பாண்டிச்சேரி போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து அது என் பொறுப்பு. லைசென்ஸையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு தோட்டாகூட நான் சுட்டதில்லை. எனக்குச் சத்தம் ஆகாது, யாருக்கும் வலிக்கிறது என்றால் என்னால் தாங்கவும் முடியாது.

லென்ஸுக்கு ஆகாதவை நிறைய இருக்கின்றன. உப்புக் காற்று ஆகாது. விரல் ரேகை பட்டால் அந்த எண்ணெய் மேல்பூச்சைத் தின்றுவிடும். தோல் பெட்டி ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும், அதில் வைக்கக் கூடாது. சூரியனைப் பார்த்து நீட்டக் கூடாது. குளிர்ந்த இடத்திலிருந்து சட்டென்று புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஈரம். ஒருமுறை ஈரம் உள்ளே போய்விட்டால் பூசணம் பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி லென்ஸுக்குள்ளேயே படரும். கான்சரும் அதுவும் ஒன்று. அவர் பழைய இரும்பு பீரோவில் ஒரு சின்ன பல்பு மாட்டிவைத்திருந்தார். அது இரவும் பகலும் எரியும், உள்ளே ஒரு கதகதப்பு இருக்கும். புது ஷூ டப்பாவில் பொட்டலம் வருமே, அந்த ஜெல் மணிகளைக் கிண்ணத்தில் கொட்டி வைத்திருந்தார். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பு. சிவந்ததும் தோசைக்கல்லில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடியும் நீலமாகிவிடும். சன்னல் சட்டத்தைச் சுற்றி நான் ரப்பர் ஒட்டினேன். கதவின் அடியிலும் ரப்பர். சாயங்காலம் நான் கதவைச் சாத்தினால் அந்த அறைக்குள் கொசுகூட நுழைய முடியாது.

வீட்டில் வைத்தால் என்ன என்கிறீர்கள். நல்ல கேள்வி. வீட்டில் இருந்தால் அது யாரைப் பார்க்கும்?

உப்பளத்துப் பெண்களின் கண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று ராசம்மாள் சொல்லியிருக்கிறாள். அது அபாண்டம். அங்கே வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழே உப்பிலிருந்தும் அடிக்கும். நாலு வருஷம் வாரினால் கண் எரியும், நீர் வடியும், பிறகு மங்கும். எனக்குத் தெரியாதா? கூனிமேட்டிலிருந்து சில வியாபாரிகள் நல்ல மனசோடு கருப்புக் கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தார்கள், ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலும் துடைப்பதற்கு ஒரு துணி. தொட்டுப் பார்த்தேன். பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்தது. சின்னய்யாவுக்காக நான் சென்னையில் கடை கடையாகத் தேடின அதே துணி.

கண்ணாடிகளை எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மேரிசெல்வி ஒருத்திதான் கேட்டாள். "பொட்டி மேல துணி போட்ட படம் இருக்குதேம்மா, துணி எங்க?"

"படத்துல பொண்ணு கூடத்தான் இருக்கா. அவளையும் கேப்பியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரித்த முகம் அவளுக்கு.

பிறகு என்ன ஆயிற்று? முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி முழுக்கக் கீறல். போட்டால் ஒன்றும் தெரியவில்லை என்று கழற்றி வீசிவிட்டார்கள். கங்காணி தனக்கோடி ஒன்றை எடுத்து அவன் ஆட்டுக்கு மாட்டிப் படம் பிடித்தான். கொடுத்தால் மட்டும் போதாது கண்ணு, வாங்கினவர்களுக்குக் காப்பாற்றத் தெரிய வேண்டும்.

மேரிசெல்வி அப்போது பாத்தியில் வேலை செய்யவில்லை, ஆபீஸில் இருந்தாள். பெருக்குவது, குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது, எனக்கு டீ போடுவது. வலது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வெயில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் என் வீட்டுக்காரர்தான் உள்ளே வேலை போட்டுக் கொடுத்தார். ஒரு நாள் நான் வானூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள். பரீட்சையில் ஜெயித்த பிள்ளை மாதிரி முகம்.

"அம்மா, மூடி போட மறந்துட்டுப் போயிட்டீங்க. சின்னய்யா மூஞ்சில ஒரே உப்பு. நானே வாயால ஊதி முந்தானையால நல்லா தொடச்சி வுட்டுட்டேன்" என்றாள்.

வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒரு கீறல். கண் வைத்துப் பார்க்கிற பக்கத்து லென்ஸில், குறுக்கே.

நான் திட்டினேனா? ராசம்மாளையே கேளுங்கள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "நல்ல காரியம் பண்ணினே மேரி, உக்காரு" என்று என் கையால் டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் தனக்கோடியைக் கூப்பிட்டு அவளைப் பாத்திக்கு அனுப்பச் சொன்னேன். தண்டனை இல்லை. நாளெல்லாம் நாலு சுவருக்குள் கிடந்தால் உடம்பு கெட்டுப்போகும், காற்றாட வேலை செய்யட்டுமே என்றுதான்.

"கண்ணு ஆபரேஷன் பண்ணினவம்மா" என்றான் தனக்கோடி.

"அவதான் கண்ணாடி வாங்கிக்கிட்டாளே" என்றேன்.

ஸ்கோப்பைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரர் மேலே தூக்கிப் பார்த்தார், கீழே வைத்துப் பார்த்தார். "இது பாக்கறப்ப தெரியவே தெரியாதும்மா. கண்ணு இதுக்கும் அப்பால பாக்கும். மனசப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றார். படித்தவர், அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எங்கே திருப்பினாலும் தெரிந்தது.

ஆனாலும் அவளை மன்னித்துவிட்டேன். மன்னித்ததால்தான் தினமும் சன்னலில் உட்கார்ந்து முதலில் அவளைப் பார்ப்பேன். வேலைக்கு வந்துவிட்டாளா, எந்தப் பாத்தியில் இருக்கிறாள், கண்ணைக் கசக்குகிறாளா என்று. போகப் போக வரப்பில் நடக்கவே தடுமாறினாள். ராசம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ராசம்மாளுக்கு என் வயசு, தள்ளாதவள். இருவரும் கைகோத்துக்கொண்டு உப்பின் நடுவே போவதைப் பார்க்க எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

ஓய்வுக் கொட்டகையைப் பற்றியும் புகாரில் இருக்கிறதா? சொல்கிறேன். ஆபீஸின் மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் நேராக அடிக்கிறது. சுவர் சுட்டால் பீரோ சுடும், பீரோ சுட்டால் லென்ஸை ஒட்டியிருக்கிற பசை இளகும். வேலைக்காரர்கள் கஞ்சி குடிக்க உட்காருகிற கொட்டகையில் நல்ல தகரம் சும்மா இருந்தது. அதைக் கழற்றிச் சுவருக்கு மறைப்பாகக் கட்டினேன். கூரையை மட்டும்தான் எடுத்தேன், தூண்கள் அப்படியே இருக்கின்றன. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

இனி அந்த நாள்.

போன மாசம், கத்திரி வெயில். உப்பு நன்றாக விளைந்து கரையில் மலை மலையாகக் குவித்திருந்தது. அந்த நேரத்தில் மழையை யார் எதிர்பார்ப்பார்கள்? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்கே கடல் பக்கம் கருத்தது. தனக்கோடி விசில் ஊதினான். எல்லாரும் ஓடி வந்து குவியல்களின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். உப்பளத்தில் மழை வந்தால் முதலில் உப்பை மூடுவோம், பிறகுதான் ஆள் ஒதுங்குவது. எல்லா உப்பளத்திலும் அதுதான் பழக்கம், நான் புதிதாகச் சொன்னதில்லை. கட்டி முடித்ததும் மின்னல் தொடங்கிவிட்டது. இளசுகள் வரப்பு வழியாக ஓடி ஈ.சி.ஆர். ரோட்டுக்குப் போய்விட்டார்கள். தனக்கோடியும் போய்விட்டான், குடும்பஸ்தன். மேரிசெல்வியால் ஓட முடியவில்லை. ஒரு சாண் அகல வரப்பு, மழையில் வழுக்கும், அவளுக்கோ கண் மங்கல். ராசம்மாள் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. அந்தப் பிடிவாதம்தான் அவளுக்கு எப்போதும்.

இரண்டு பேரும் ஆபீஸுக்கு வந்தார்கள். நான் உள்ளே இருந்தேன். காற்று வீசினதுமே கரண்ட் போய்விட்டது. பீரோவில் பல்பு அணைந்துவிட்டது. கிண்ணத்தில் ஜெல் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஏற ஆரம்பித்திருந்தது. நீங்களே என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

"அம்மா, கதவத் தொறங்கம்மா. மின்னுதும்மா" என்றாள் மேரிசெல்வி.

"கரண்ட் இல்ல மேரி. தொறந்தா ஈரம் உள்ள பூந்துடும். செத்த நேரம் பொறுத்துக்க" என்றேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். கதவில் ரப்பர் இருப்பதால் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஓரமா நிக்கறோம்மா. எதையும் தொட மாட்டேன். சத்தியமா தொட மாட்டேம்மா."

அவளாகவே அதைச் சொன்னாள். நான் எதையும் ஞாபகப்படுத்தவில்லை.

"தொடறதப் பத்தி இல்ல மேரி. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கீங்க. மூச்சு விட்டாலே ஈரந்தான்."

அதற்கு ராசம்மாள் சிரித்தாள். அந்த இடியிலும் சிரித்தாள் கண்ணு. "வாடி. சின்னய்யாவுக்குச் சளி புடிச்சிக்குமாம். நம்ம மூச்ச நம்மளே வச்சிக்கலாம், வா" என்றாள்.

"கொட்டாய்க்குப் போலாமா ஆயா?"

"அங்க தூணுதான்டி நிக்குது. வானத்துக்குப் பந்தக்கால் நட்டு வச்சிருக்கறாங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவர்களாகத்தான் போனார்கள். நான் விரட்டவில்லை. போகிற சத்தம் கேட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை, எங்கே போகிறார்களோ என்று. பீரோவைத் திறந்து ஸ்கோப்பை எடுத்தேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. ஈரம் ஆகாது என்றுதானே கதவைத் திறக்கவில்லை, அப்புறம் பீரோவிலிருந்து வெளியே எப்படி எடுத்தீர்கள் என்கிறீர்கள். சன்னல் மூடியிருந்தது. அறைக்குள் காற்று காய்ந்துதான் இருந்தது, அவர்கள் உள்ளே வராததால். உறையை முழுக்கக் கழற்றவும் இல்லை, இரண்டு முனையிலும் மூடியை மட்டும் திறந்தேன்.

கிட்டத்தில் இருந்த உப்புக் குவியலுக்குப் போனார்கள். அந்தச் சமதரையில் அதுதான் உயரம். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி அடியில் உட்கார்ந்துகொண்டார்கள். தூக்கின பக்கம் மழை உள்ளே போய் உப்பு கரைந்து ஓடியது. எனக்கு வருத்தம்தான். ஆனால் இதுவரை அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை.

முதலில் முகம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. வளையத்தைத் திருகினேன், பளிச்சென்று வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இதை எதற்காக அப்படிக் காப்பாற்றினார் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவ்வளவு மழையிலும் மேரிசெல்வி கழுத்தில் சிலுவை தெரிந்தது. உதடு அசைவது தெரிந்தது, ஜெபம் பண்ணுகிறாள் என்றுகூடத் தெரிந்தது. ராசம்மாள் தன் முந்தானையைப் பிழிந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். உப்புத் துணியால் துடைக்காதே என்று சொல்ல வாய் வந்தது. அங்கே கேட்காது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வெளிச்சம். சத்தமும் வெளிச்சமும் ஒன்றாகவே வந்தன. நான் உடனே மூடியைப் போட்டுவிட்டேன். அவ்வளவு கடுமையான வெளிச்சம் லென்ஸுக்கு ஆகாது.

என்னை இரக்கமில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐயோ என்று வாய்விட்டே கத்தினேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மூடியைத் திறந்து பார்த்தேன். ராசம்மாள் ஒரு பக்கம் கிடந்தாள். மேரிசெல்வி பாத்திக்குள் விழுந்திருந்தாள், கவிழ்ந்து.

டாக்டர் எழுதினதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். மின்னல் அவள் மேல் நேராக விழவில்லை, அதிர்ச்சியில் மயங்கி விழுந்திருக்கிறாள், நுரையீரலில் உப்புத் தண்ணீர் இருந்தது. அப்படியென்றால் கரண்டைக்கால் அளவுத் தண்ணீரில் மூழ்கித்தான் போயிருக்கிறாள். யாராவது ஒருவர் போய்ப் புரட்டிப் போட்டிருந்தால் போதும் என்கிறீர்கள். டாக்டர் படித்தவர், சரியாகத்தான் எழுதியிருப்பார். நான் எப்போது கதவைத் திறந்தேன் என்று கேட்டால், கரண்ட் வந்த பிறகு. கரண்ட் வந்து, பீரோவில் பல்பு எரிந்து, ஸ்கோப்பைத் துடைத்து உள்ளே வைத்து, கிண்ணத்தில் ஜெல்லை மாற்றிவிட்டுத் திறந்தேன். குடை பிடித்துக்கொண்டு நானேதான் போனேன். நானேதான் புரட்டிப் போட்டேன். ராசம்மாளுக்கு அன்றோடு காது போயிற்று. பாவம், இனி என் பேச்சைக் கேட்க முடியாது.

மேரிசெல்விக்காக நான் ஒன்றும் செய்யாமல் இல்லை. அடக்கத்துக்குச் சர்ச்சுக்கே போய்ப் பின்வரிசையில் நின்றேன். இடி விழுந்து செத்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிக்கு நானே தாலுகா ஆபீஸில் சொல்லி வைத்தேன். இரும்பை ஊர் சிவன் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை பண்ணினேன். வேதக்காரப் பெண், நட்சத்திரம் தெரியாது. குருக்கள் கேட்டதும் என் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டேன்.

கை அசைந்ததா என்று கேட்கிறீர்கள். ராசம்மாள் பார்த்தாளாமே. அவளால் எழுந்திருக்க முடியவில்லை, ஆனால் மேரிசெல்வியின் கை தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருந்ததாம், கதவைத் தட்டுகிற மாதிரி.

எழுதிக்கொள்ளுங்கள். நானும் பார்த்தேன். மழையில் தண்ணீர் துள்ளுகிறதோ என்று முதலில் நினைத்தேன். வளையத்தைத் திருகினேன். விரல் மடங்கி விரிந்தது. கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், சாவி இடுப்பில் இருந்தது. நான் திறக்கவில்லை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுதினால்தான் நியாயம். ஸ்கோப்பை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றீர்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பையில்தான் இருக்கிறது. ஜெல் பொட்டலமும் வைத்திருக்கிறேன், ரெண்டு மெத்துத் துணியும் இருக்கிறது. பின்னறையில் மட்டும் வைக்காதீர்கள். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள், கண் வைக்கிற பக்கம். தெரிகிறதா? இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். ஆமாம், அதுதான். அந்தக் கை இருந்த இடத்தில், சரியாக அதே இடத்தில், அந்தக் கீறல் வந்து விழுந்தது. இந்தப் பக்கம் நகர்த்தினேன், அதுவும் கூடவே நகர்ந்தது. அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அசைந்தது கையா கீறலா என்ற சந்தேகமே எனக்கு வந்திருக்காது, ஓடியிருப்பேன். சின்னய்யாவின் முகத்தில் அன்றைக்கு அவள் கை வைக்காமல் இருந்திருந்தால், மேரிசெல்வி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.